மண் தூற்றிய கை

முன்னறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த அமிர்தவள்ளிக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை காதில் விழாது. நின்றால்தான் விழும். மகள் ஜெனிஃபா காலையில் கல்லைக் கால்களுக்கு நடுவே வைத்து உட்கார்ந்தால், ஷூவின் மேல்தோலை மடித்து ஓரம் தட்டும் அந்தச் சின்னச் சுத்தியல் சாப்பாட்டு நேரம்வரை ஓயாது. கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் தோலை வீட்டிலேயே தட்டித் தைத்து அனுப்புவது ஆம்பூரில் பல தெருக்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

"இன்னாடீ, நிறுத்திட்ட?"

"நீ கொஞ்சம் வாம்மா."

மகளின் குரலில் இருந்த இறுக்கம் அவளை அடுப்பை அணைக்க வைத்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நிலைப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வாசலில் சாரா நின்றுகொண்டிருந்தாள். அமிர்தவள்ளியின் இறந்துபோன கணவன் தானியேலின் அக்கா. கோயிலுக்குப் போகும் கிரீம் நிறப் பட்டுப் புடவை, கையில் தங்கப்பட்டைக் கடிகாரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றாள். ஆனால் உள்ளே வரவில்லை.

"நல்லா இருக்கியா வள்ளி?"

தானியேல் போன பிறகு சாரா இந்த வாசலை மிதித்ததே இல்லை. தெருவில் எதிரே வந்தால் சந்து மாறிப் போகிறவள். அவள் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டபோது அமிர்தவள்ளிக்கு உடம்பு கூசியது. அவளைத் தான் 'அண்ணி' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொல் இப்போது தொண்டையில்கூட இல்லை.

"வந்த விஷயத்தைச் சொல்லு" என்றாள்.

சொல்ல வந்தது என்ன என்று தெரிவதற்கு முன், இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் கிடக்கும் பிணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமிர்தவள்ளி குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்தவள். ஷூ கம்பெனி வேலைக்காகக் காலை ரயிலில் ஆம்பூருக்கு வந்து போனவள், அதே ரயிலில் வந்த தானியேலோடு ஒரு நாள் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டாள். அவன் தோல் பதனிடும் ஆலையில் தோலை உருட்டி ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறவன். பேச்சில் சிரிப்பு ஜாஸ்தி, கோபம் கம்மி. தாய் இல்லாத அவனை வளர்த்தவள் சாரா. கல்யாணம் ஆகி, ஆலை சூப்பர்வைசரின் மனைவியாகி, வசதியாக வாழ்ந்தபோதும் தம்பி தன் பிள்ளை என்றே நினைத்திருந்தாள். ஒரு தறிக்காரன் மகள், வேற்று மதத்துக்காரி, அவனைக் கொண்டுபோனதை அவளால் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"சோத்துல மருந்து வெச்சி மயக்கிட்டா" என்று அன்றைக்கே சொன்னாள்.

அப்போது அது வெறும் வசவு. ஜெனிஃபா பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதில் தானியேலுக்குக் காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கத் தொடங்கியது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்தது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. சோறு இறங்கவில்லை. அதுவரை வசவாக இருந்தது அன்றிலிருந்து தீர்ப்பாகிவிட்டது. முகம் ஊதினால், பசி செத்தால், இந்தப் பக்கத்தில் பலருக்கு முதலில் தோன்றுவது இடுமருந்துதான். வேண்டியவனை வசப்படுத்தச் சோற்றில் வைக்கிற மருந்து. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைத் தின்னும், வாந்தியில் எடுத்தால் பிழைப்பான் என்பது நம்பிக்கை.

பள்ளிகொண்டாவைத் தாண்டி ஒரு மாந்தோப்பில் மருந்து எடுக்கிறவன் இருந்தான். சாரா தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பின்னாலேயே பஸ் பிடித்து ஓடினாள் அமிர்தவள்ளி. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, சாரா அவன் பின்கழுத்தைக் குனிய வைத்து அமுக்கிக்கொள்ள, அந்த ஆள் கஷாயத்தை ஊற்றினான். தானியேல் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தான். அந்த ஆள் தட்டில் கைவிட்டு ஒரு மயிர் உருண்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினான்.

"பாத்துக்குங்க. பொண்டாட்டி வெச்சது."

அமிர்தவள்ளி அதன் அருகே போய் நின்றாள். ஆம்பூரில் அந்த வாடை தெரியாதவர்கள் இல்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்ட ஆட்டுத்தோலிலிருந்து வழித்துப்போடும் மயிர் அது. ஆலைக்குப் பின்னால் குவியல் குவியலாகக் கிடக்கும்.

"இது சுண்ணாம்புக் குழி மயிரு. வயித்துல கெடந்ததுக்கு ஏது சுண்ணாம்பு வாடை? கையில வெச்சிருந்து காட்டறான்" என்றாள்.

"திருடிக்கு வாயைப் பாரு" என்றாள் சாரா.

அதற்குப் பிறகு தானியேல் அக்கா வீட்டில் வைக்கப்பட்டான். மனைவி கை பட்ட தண்ணீர்கூட ஆகாது என்றார்கள். கஷாயம், வாந்தி, மறுபடியும் கஷாயம். ஒரு நாள் அமிர்தவள்ளி தன்னோடு வேலை செய்யும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டு, அவனை வாடகைக் காரில் போட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, முன்னாலேயே வந்திருந்தால் சாவைத் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றார்கள்.

கடைசி நேரத்தில் அவன் அவள் கையைப் பிடித்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறான் என்று அவள் குனிந்தாள்.

"வள்ளி, நீ ஒண்ணும் வைக்கலையே?" என்று கேட்டான்.

அவள் பதில் சொன்னாள். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. மரணத்தைவிடப் பெரிய திருட்டு ஒன்று உண்டு. சாகிறவனின் மனத்திலிருந்து மனைவியைத் திருடிக்கொள்வது. சாரா அதைச் செய்திருந்தாள்.

1994-ஆம் வருஷம் அது. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிய பிறகு ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அமிர்தவள்ளி குனிந்தபோது சாரா குறுக்கே கை நீட்டினாள். "கொன்னவ கை மண்ணு என் தம்பி மேல விழக் கூடாது."

எடுத்த மண் கையில் இருந்தது. அதை அமிர்தவள்ளி சாராவின் முகத்தில் தூற்றினாள்.

"என் புருஷன் வீங்கின மாதிரி உன் வயித்துல பொறந்தது வீங்கும்டீ. அன்னிக்கு நீ என் வாசல்ல வந்து நிப்ப. நிக்கலைன்னா நான் அமிர்தவள்ளி இல்ல."

அந்தக் கதை ஊரில் பரவியது. பரவியது அவளுக்கு ஒரு விதத்தில் நல்லதாகவும் போயிற்று. ஷூ கம்பெனியில் மேஸ்திரி மற்றப் பெண்களைத் திட்டுவான், அவளிடம் மட்டும், "பாத்துச் செய்யும்மா" என்பான். "அந்தம்மா வாயில விழுந்துடாதப்பா, அப்புறம் பேஜாரு" என்று ஆண்கள் சிரித்துக்கொள்வார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் தணல் காப்பதுபோல் அந்தச் சாபத்தைக் காத்து வந்தாள்.

பிறகு, ஜெனிஃபா வீட்டு வேலையாகத் தோல் தைக்கத் தொடங்கிய நாட்களில், ஒரு காலை அவள் கண்ணிமை வீங்கியிருப்பதைத் தாய் பார்த்தாள்.

இந்த முறை எந்தத் தோப்புக்கும் போகவில்லை. நேரே வேலூர். டாக்டர் நயீம் அகமது மேல்விஷாரத்துக்காரர். அவர் அத்தா என்று அழைக்கும் தகப்பனார் தோல் வியாபாரி. சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார். ஜெனிஃபாவின் ரத்தத்தை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதில் வந்தபோது தாயையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிகட்டுற சின்னச் சின்ன உருண்டைங்க இருக்கும்மா. எல்லாம் மெல்லிசு ரத்தக் குழாய்ங்க. அந்தக் குழாயை வெளியிலேர்ந்து சில செல்லுங்க காலால கட்டிப் பிடிச்சிருக்கும். விரலும் விரலும் கோத்த மாதிரி. நடுவுல இருக்கிற இடுக்குல தண்ணி எறங்கும், ரத்தத்துல இருக்கிற புரதம் எறங்காது."

"சரிங்க."

"அந்தக் காலு வளைஞ்சி நிமிரறதுக்கு உள்ள இழைங்க ஓடுது. அந்த இழைங்களைச் சேத்துக் கட்டறதுக்குன்னே ஒரு புரதம். ஆல்ஃபா ஆக்டினின் நாலுன்னு பேரு. சின்னக் குச்சின்னு வெச்சிக்குங்க. ரெண்டு ரெண்டு குச்சியா, ஒண்ணோட தலைமாட்டுல இன்னொண்ணோட கால்மாடு வர்ற மாதிரி ஒட்டிப் படுத்திருக்கும். அதனால ரெண்டு முனையிலயும் ஒரு கை கெடைக்குது. இந்தக் கை ஒரு இழையைப் பிடிக்கும், அந்தக் கை பக்கத்து இழையை. பிடிக்கும், விடும், திரும்பப் பிடிக்கும். இதயம் அடிக்க அடிக்க ரத்தம் வந்து மோதுதில்ல, செல்லு கொஞ்சம் வளைஞ்சி குடுக்கணும். உங்க பொண்ணுக்கு அந்தக் கையில ஒரு சின்ன மாத்தம். மூடி வெச்சிருக்க வேண்டிய கொக்கி ஒண்ணு எப்பவும் வெளிய நீட்டிட்டே கெடக்கு. பிடிச்சா விட மாட்டேங்குது."

"கெட்டியா பிடிச்சா நல்லதுதானே டாக்டர்?"

அவர் சிரித்தார். "நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?"

"தோலு தரம் பிரிக்கறேன்."

"பதம் போடற க்ரோம் உப்பு ஜாஸ்தியா ஏறின தோலு எப்டி இருக்கும்?"

"வெறப்பா இருக்கும். மடிச்சா மேல் பக்கம் வெடிச்சிடும். கழிச்சிடுவோம்."

"எங்க அத்தாவும் அப்டித்தான் மடிச்சி மடிச்சிப் பாப்பாரு. இங்கயும் அதே கதைதான். செல்லு வெறைச்சிப் போவுது. வளைய முடியாம காலு சுருங்கி, குழாயை விட்டே கழண்டு விழுது. விழுந்த எடம் தழும்பாவுது. புரதம் ஒழுவுது. அந்த நுரையும் வீக்கமும் அதான்."

"சோத்துல எதுனா வெச்சா இது வருமா டாக்டர்?"

அவர் புரியாமல் பார்த்தார். "சோத்துல வராதும்மா. பொறக்கும்போதே வர்றது. அப்பா, அம்மா ஒருத்தர்கிட்ட இருந்தாப் போதும், ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குச் சின்ன வயசுல முத்திடும். சிலருக்கு லேசா ஒழுகிட்டே காலம் ஓடிடும். சிலருக்கு நாப்பது வயசு வரைக்கும் எந்த டெஸ்ட்டுலயும் தெரியாது. அதனால சொந்தத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் கிட்னி குடுக்கறதுக்கு முன்னால இந்த ரத்தப் பரிசோதனை பாத்தே ஆவணும். இல்லன்னா குடுக்கறவங்களும் படுத்துடுவாங்க. இவங்க அப்பாவோட அப்பா எதுல போனாரு?"

மாமனாரை அவள் நினைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர், கால் வீங்கி, முகம் வீங்கிச் செத்தவர். குழித் தண்ணீர் தின்றுவிட்டது என்றார்கள். ஆலைத் தண்ணீர் எத்தனையோ பேரைத் தின்றிருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் தின்றது வேறு.

அப்படியென்றால் இது மாமனார் வழி வந்தது. தானியேலுக்கு வந்தது. சாராவுக்கும் வந்திருக்கலாம். சாராவின் பிள்ளைகளுக்கும்.

"அப்பா பக்கத்துல இன்னும் யாராவது இருக்காங்களா? எல்லாரையும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

அமிர்தவள்ளி அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "யாரும் இல்ல டாக்டர். எல்லாரும் போய்ட்டாங்க."

ஜெனிஃபா திரும்பித் தாயைப் பார்த்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அமிர்தவள்ளி அழுத அழுகை மகளுக்காக மட்டும் இல்லை. 'நீ ஒண்ணும் வைக்கலையே' என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. கேட்டவன்தான் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சாரா வாசலில் நிற்கிறாள்.

"ஆலனுக்கு உடம்பு சரியில்ல வள்ளி." ஆலன் அவள் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. வாரத்துக்கு மூணு தடவை மிஷின்ல போட்டு ரத்தம் சுத்தம் பண்றாங்க. மூஞ்சியப் பாத்தா என் தம்பி மூஞ்சி மாதிரியே..."

'வீங்கும்டீ' என்று தான் சொன்ன சொல் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது அமிர்தவள்ளிக்கு. காத்த தணல் பற்றிக்கொண்டது. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அது மகிழ்ச்சி என்று சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை.

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"திங்கக்கிழமை ஆபரேஷன். அவன் தங்கச்சி ஜெமி கிட்னி குடுக்கறா. எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டாங்க, அவ கிட்னி நல்லா இருக்காம். டாக்டருங்க தைரியமா இருக்காங்க. எனக்குத்தான் தூக்கம் வரல. உன் வாக்கு பலிச்சிடுச்சி வள்ளி. ஆபரேஷன்லயும் பலிச்சிடுமோன்னு பயமா இருக்கு. நீ தூத்தின கையால எம்பொண்ணு தலையைத் தொட்டு 'நல்லா இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சாபத்தை எடுத்துடு."

"டாக்டருங்க உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சான்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

"உன் தம்பி?"

சாரா தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் மருந்துல போனவன்னு சொன்னேன்."

அமிர்தவள்ளிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. அந்தப் பொய்யே கயிறாகி இப்போது சாராவின் பிள்ளைகள் இருவர் கழுத்திலும் விழுந்திருக்கிறது. தம்பி மருந்தில் செத்தான் என்று சொன்னதால் பரம்பரை நோய் என்று எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை. ஜெமிக்கும் அது இருந்தால், இருக்கிற இரண்டில் ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றோடு அவளும் வீங்குவாள். அதற்கு அமிர்தவள்ளி ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். 'நல்லா இரு' என்று சொன்னால் போதும். மன்னித்து அனுப்பினால் போதும். அதைவிடச் சுத்தமான பழி உலகத்தில் இல்லை.

"கூப்பிடு" என்றாள்.

வெளியே ஆட்டோவில் காத்திருந்த ஜெமி வந்தாள். இருபதைத் தாண்டிய பெண், காதில் சின்னத் தோடு. "வணக்கம் அத்தை" என்றவள், மூலையில் இருந்த ஜெனிஃபாவைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தாள். "அம்மா சொன்னாங்கன்னு வந்தேன். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா நீங்க கையை வெச்சா அம்மா தூங்குவாங்க."

சிரிக்கும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழிந்தது. ரயிலில் முதன்முதலாகத் தன்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கும் அப்படித்தான் குழிந்தது.

ஜெமி தலையைக் குனிந்தாள். அமிர்தவள்ளி வலது கையை அவள் உச்சியில் வைத்தாள். மண் தூற்றிய அதே கை. தலைமுடி சூடாக இருந்தது.

ஜெனிஃபா சுத்தியலைக் கல்லின்மேல் மெல்ல வைத்தாள். தாய் பொய் சொன்ன அன்று பேசாமல் இருந்தவள் இப்போதும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியில் இருந்த தன் மாத்திரைப் பையை எடுத்து வந்து, சாராவின் கால் முன்னால் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

கையை எடுத்தாள் அமிர்தவள்ளி.

"நீ கிட்னி குடுக்கப் போறதில்ல ஜெமி" என்றாள். "நிமிரு."

"வள்ளி" என்று பதறினாள் சாரா.

"வாயை மூடிக் கேளு. இது என் சாபம் இல்ல. நான் மண்ணைத் தூத்தினதுக்கு முன்னாடியே உன் வீட்டு ரத்தத்துல இருந்தது. உங்கப்பன் வீங்கிச் செத்தது இதால. என் புருஷன் செத்தது இதால. எம்பொண்ணு மாத்திரை முழுங்கறது இதால. உன் புள்ளைக்கு இதைக் குடுத்தது நீ. ஜெமிக்கும் குடுத்திருக்கியா இல்லையான்னு இன்னும் தெரியாது. இன்னிக்கு டெஸ்ட்டுல தெரியாட்டியும் பின்னால வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேலூர்ல நயீம் அகமதுன்னு கேளுங்க. தம்பி மருந்துல செத்தான்னு அங்கயும் போய்ச் சொல்லாத, நிஜத்தைச் சொல்லு."

சாரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஆலன்?"

"உன் வீட்டுக்காரர் இருக்காரில்ல. அவர் உங்கப்பனுக்குப் பொறக்கல. ரத்தம் சேருதான்னு பாக்கச் சொல்லு."

"அவர் சம்பாரிக்கிற ஆளு..."

"பொண்ணு மட்டும் கடையில வாங்கினதா?"

ஜெமி தாயைப் பார்த்தாள். பிறகு மாத்திரைப் பையைப் பார்த்தாள். "ஜெனி, உனக்கு வலிக்குதா?" என்று கேட்டாள். "வலிக்காது. ஊதும், வடியும்" என்றாள் ஜெனிஃபா. ஜெமி குனிந்து பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆட்டோவுக்குப் போனாள்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?" சாராவின் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா? அப்பவே சொல்லியிருந்தா எம்புள்ளைக்கு..."

"என் புருஷன் கழுத்தை நீ அமுக்கிப் பிடிச்சிருந்தப்ப நான் கத்தினேன். நீ கேட்டியா?"

சாராவின் கண்ணில் பழைய நஞ்சு திரும்பி வந்தது. "உம்பொண்ணுக்கு இந்த சீக்கு இருக்குன்னு மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியுமா?"

"நானே சொல்லிட்டேன் அத்தை" என்றாள் ஜெனிஃபா தோலிலிருந்து கண்ணெடுக்காமல். "போன மாசமே வேணாம்னுட்டாங்க. வேற எதுனா இருந்தாச் சொல்லுங்க."

சாரா செருப்பைத் தேடிக் காலில் நுழைத்தாள். பட்டை இறுகியது. அப்போதுதான் அவள் தன் கணுக்கால் ஊதியிருப்பதைப் பார்த்தாள். பார்த்ததை அமிர்தவள்ளியும் பார்த்தாள்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா வள்ளி?"

"அது உனக்குக் கெடையாது. உம்பொண்ணுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டேன்." அமிர்தவள்ளி கதவின் விளிம்பில் கை வைத்தாள். "என் புருஷன் சாவும்போது, நீ ஒண்ணும் வைக்கலையேன்னு கேட்டுட்டுப் போனான். அந்தக் கேள்வியை அவன் மண்டையில போட்டவ நீ. போற வழியிலதான் கல்லறைத் தோட்டம். எறங்கி அவன்கிட்ட போய், வள்ளி ஒண்ணும் வைக்கலடான்னு சத்தமா சொல்லு. சொல்லிட்டு வந்தா அப்புறம் பேசலாம்."

சாரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படி இறங்கினாள். ஆட்டோ உறுமிக் கிளம்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்று அமிர்தவள்ளி எட்டிப் பார்க்கவில்லை.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.